டேரில் உட்கார்ந்திருந்தவர்

மார்ச் 3: 80 கிலோ குறைவு.
மார்ச் 10: 80 கிலோ குறைவு.
மார்ச் 17: 50 கிலோ குறைவு.
மார்ச் 24: 80 கிலோ குறைவு.

இந்த நான்கு வரிகளுக்காக ஒரு லாரி ஓட்டுநரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். மற்ற வண்டிகளுக்கு உருக்காலையில் மட்டும்தான் எடை. இவர் வண்டிக்குப் பழைய இரும்பு ஏற்றும் கிடங்கிலும் எடை உண்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. வழியில் விற்றுவிட்டார் என்று தலைமை அலுவலகம் முடிவுகட்டியது.

உருக்காலையின் எடைமேடைக் குமாஸ்தாவுக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். ஒரு சீட்டிலும் அடித்தல் திருத்தல் கிடையாது. சரக்கோடு ஓர் எடை, சரக்கை இறக்கியபின் காலி வண்டிக்கு ஓர் எடை; முதலில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் சரக்கு. காலி எடைக்கு அங்கே டேர் என்றுதான் பேர். சாப்பிடாமல் வந்தவன்கூட, "வயித்துல வெறும் டேர்தான் இருக்கு" என்பான்.

ஓட்டுநர் குமாஸ்தாவின் ஜன்னலுக்கு வந்து நின்றார். ஜன்னலே அடைத்துக்கொண்டது.

"அண்ணே, எம்பது கிலோ இரும்ப நான் எங்க ஒளிச்சு வைக்கிறது? தொப்பைக்குள்ளயா?"

"பதினேழாம் தேதி மட்டும் ஏன் அம்பது?"

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். மச்சான்தான் ஓட்டினான். அந்த ஒல்லிக்குச்சியும் திருடனா?"

குமாஸ்தாவின் பேனா நின்றது. சரக்கோடு வரும்போது ஓட்டுநர் இறங்கிவந்து சீட்டு நீட்டுவார். காலியாகத் திரும்பும்போது பின்வண்டி ஹாரன் அடிக்கும். இருக்கையை விட்டு அசையமாட்டார். ஓட்டுநரை மூட்டைத் தராசில் ஏற்றிப் பார்த்தார். எண்பத்தொன்று.

'தவறு என்னுடையது' என்று அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். பதில் வந்தது: 'டேர் என்பது காலி வண்டியின் எடை. அதில் ஆள் அடங்கார். ஆகவே ஓட்டுநரின் எடை டேரில் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை.'

தொலைபேசியை எடுத்தார். "சார், டேர்னா என்னன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கறீங்க?"

"கேக்கல சார், சொல்றேன்! அந்தாளு வண்டிக்குள்ள உக்காந்திருந்தாரு!"

"உக்காரக் கூடாதே."

பல்லைக் கடித்துக்கொண்டு, அதே வண்டிக்கு வந்த புது ஓட்டுநரை இரண்டு எடைக்கும் கீழே இறக்கி நிறுத்தினார். நான்கு லோடு, பத்து கிலோகூடக் குறையவில்லை. சீட்டுகளை இணைத்து அனுப்பிவிட்டுப் பழைய ஓட்டுநரிடம், "இனி அவங்க வாயத் தொறக்க முடியாதுப்பா" என்றார்.

தொறந்தார்கள். 'அவரை நிறுத்தியபின் குறைவும் நின்றதைத் தங்கள் சீட்டுகளே நிரூபிக்கின்றன. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

குமாஸ்தா அதை நான்கு முறை படித்தார். பிறகு, வேறென்ன செய்வதென்று தெரியாமல், பதிவேட்டைப் பிரித்து, பேனாவை அழுத்தி எழுதினார்.

மே 19: 81 கிலோ குறைவு.