செக்பொயின்ற்றில் பிடிபட்ட பாரை வால்

பைபர் படகுக்குப் பூசும் ரெசின் மணம். நேற்று பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்தவரின் சட்டையிலிருந்து வந்தது. மூக்கில் ஏறி, தொண்டையில் காறி, என்னைப் பழையபடி உப்புவெளி செக்பொயின்ற்றில் சைக்கிளோடு நிறுத்திவிட்டது.

சண்டைக்காலம். நான் சைக்கிளில் மீன் விற்றேன். தங்கச்சி கொழும்புப் பக்கம் கம்பஸில் எஞ்சினியரிங் படித்தாள். கம்பஸ் மூடிக்கிடந்த மாதங்களில் பைபர் படகு கட்டும் கொட்டிலில் இருந்து அவள் ஒரு மீன் செய்தாள். உண்மையான பாரை மீனில் அச்சு எடுத்து, வாலின் அடிக்கு ரெசின் துணி பல படை, நுனிக்கு ஒரே படை. உள்ளே வாலை ஆட்ட கசெற் றேடியோ மோட்டர், பற்றரி, வயர். மேலே வெள்ளிப் பூச்சு.

"விசிறி பூட்டினா சேறு கலங்கும் அண்ணா. பாரை கலக்குதே?"

படகின் அடியைத் தண்ணீருக்குள் போய்ப் பார்க்கும் யந்திரம் அவள் கனவு. கடலில் ஒருநாளும் விட்டுப்பார்க்கவில்லை. தண்ணீருக்குள் எது அசைந்தாலும் நேவி குண்டு போடும்.

கம்பஸ் திறந்தது. மீனைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். சூடை மீனுக்குக் கீழே, ஐஸுக்குள் புதைத்தோம். வயர் தெரிந்தால் வெடிகுண்டு என்பார்கள்; அவள் திரும்பி வரமாட்டாள்.

செக்பொயின்ற்றில் இறங்கி உருட்டித்தான் போகவேண்டும். அங்கே நின்ற ஆமிக்காரன் கறிக்கு மீன் எடுக்காமல் என்னை விட்டதேயில்லை. எங்கள் பிழை அதுதான்: பெட்டிக்குள் ஆகத் திறமான மீனை நாங்களே செய்து வைத்திருந்தோம்.

"மல்லி, இண்டைக்குப் பெரிய மாலு!" தம்பி, பெரிய மீன் என்கிறான்.

ஐஸ் உருகி வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்தான். தங்கச்சி மற்றப் பக்கம் சைக்கிள் காண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதுமீன் வால் விறைத்து நிற்கும். இது அவன் விரலில் வளைந்து, நுனி தொங்கியது.

"சீ! பழசு. இதையா விக்கிற?"

"அது வீட்டுக்கு, சேர்."

"பாவம் வீடு." சிரித்தபடி சூடையை இரண்டு கையாலும் அள்ளி எடுத்துக்கொண்டு, எங்களைப் போகச் சொன்னான்.

பஸ் ஸ்ராண்டில் எனக்கு வாய் நிற்கவில்லை. "என்னடி வால் செய்தனீ? ஆமிக்காரனே வேண்டாமெண்டிட்டான்!"

அவள் சிரிக்கவில்லை. கொழும்பு போகும்வரை இருந்த செக்பொயின்ற் எல்லாம் அவள் முகத்தில் வரிசையாய் நின்றன. பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினாள்.

"கொண்டுபோக ஏலாது அண்ணா."

"அப்ப கம்பஸுக்கு?"

"படம் கீறிக் காட்டுறன்."

பஸ் உறுமியது. யன்னலால் குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்:

"நேவி கண்ணிலை படாமல் திரியாய்ப் பக்கம் கொண்டுபோய்க் கடலிலை விடுங்கோ. சும்மா எறியாதேங்கோ, சுவிச்சைப் போட்டிட்டு விடுங்கோ. நீந்துதோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."