மின்கம்பிக்குக் கீழே அக்காவின் தோட்டம்

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் வீட்டுச் சமையலறைக்கு அக்காவின் புடலங்காய் ஒரு முறையாவது வந்திருக்கும். வேண்டாம் என்று சொன்னவர்களின் காரிலும் அது ஏறியிருக்கும். அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதித் தரும்படி அவருடைய மகள் ஷாமினி கேட்டபோது, என் கண்முன் முதலில் வந்தது அவருடைய பிறப்போ படிப்போ அல்ல. வெயில் காலம் முடியும் வேளையில், தன் கணவரின் பழைய தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, பந்தலுக்கு அடியில் நின்று எங்களையெல்லாம் விரட்டி வேலை வாங்கும் அக்காதான். ஆனாலும் முறைப்படி தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அக்கா கோலாலம்பூர் செந்தூலில், ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தார். எங்கள் அப்பா ரயில் பட்டறையில் வேலை செய்தார். நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். அக்கா மூத்தவர், நான் இளையவள். அந்த வீட்டில் மண் என்றால் காலில் ஒட்டி உள்ளே வருவது, அம்மாவிடம் திட்டு வாங்கித் தருவது. அதற்கு மேல் மண்ணோடு எங்களுக்குத் தொடர்பில்லை. சிறுவயதில் அக்காவுக்குக் காய்கறி என்றாலே ஆகாது. வெண்டைக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்து, அம்மா முகம் திரும்பியதும் என் தட்டுக்கு மாற்றிவிடுவார். நான் குண்டாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று இன்றும் சொல்வேன்.

அக்காவின் குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. படிப்பு முடிந்ததும் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். லோரி ஓட்டுநர்களைத் தேடிப் பிடித்து, எந்தக் கிடங்குக்கு யார் போக வேண்டும் என்று சொல்வதுதான் வேலை. கைத்தொலைபேசி இல்லாத காலம். அக்கா ஜன்னலைத் திறந்து ஒரு முறை கூப்பிட்டால், காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை ஓட்டுநர்களும் எழுந்து நிற்பார்களாம். அங்கேதான் கிரேன் இயக்கிய மாமாவைச் சந்தித்தார். மாமா மெதுவாகப் பேசுகிறவர். "உங்க அக்கா பேசுறது கிரேன் மேல இருந்தாலும் கேக்குது. கல்யாணம் பண்ணிக்கிட்டா ஃபோன் பில் மிச்சம்னு நெனச்சேன்," என்று எங்கள் அப்பாவின் முன்னாலேயே சொல்லிச் சிரித்தவர் அவர்.

திருமணத்துக்குப் பின் துறைமுகத்துக்கு அருகே பண்டமாரான் அடுக்குமாடியில் குடியேறினார்கள். ஷாமினி பிறந்தாள், வளர்ந்தாள், படித்து வேலைக்குப் போனாள். அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே மாமா இறந்துபோனார். காலையில் தேநீர் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு அக்கா பேசுவதை நிறுத்திவிட்டார். முற்றிலும் ஊமையாகிவிடவில்லை. கேட்டால் பதில் வரும். "ம்", "சாப்பிட்டேன்", "இருக்கு." அவ்வளவுதான். நான் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வார இறுதிகளில் போய்ப் பார்ப்பேன். அந்தக் குரல் இருந்த வீட்டில் மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்கும். "சித்தி, அம்மா என்னைத் திட்டக்கூட மாட்டேங்குறாங்க," என்று ஷாமினி சமையலறையில் நின்று அழுதாள்.

அக்காவை அந்த நாற்காலியை விட்டு எழுப்பியவர் கீழ்மாடியில் குடியிருக்கும் ஆ லெக் அங்கிள். மாமா வேலை செய்த துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். தமிழர்களோடு பழகி அவருக்கென்று ஒரு தமிழ் உண்டு. அடுக்குமாடிக்குப் பின்னால், உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே கிடக்கும் நீளமான நிலத்தை அக்கம்பக்கத்தார் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டு காய்கறி போடுகிறார்கள். அங்கிளுக்கு அங்கே ஒரு பாத்தி. அவருக்குக் கண் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. ஒரு நாள் நேராக அக்காவின் வாசலுக்கு வந்து நின்றார்.

"தங்காச்சி, நீ சும்மாதானே இருக்கு? என்னோட வெள்ளரிக்கு தண்ணி ஊத்து. கொஞ்ச நாள்தான் லா."

மறுத்துச் சொல்லக்கூட அக்காவுக்குத் தெம்பில்லை, போனார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மலாய்க் கிராமமான கம்பத்துப் பக்கமிருந்து ஆடுகள் வந்து அங்கிளின் பயற்றங்கொடியில் வாயை வைத்துவிட்டன. அதைப் பார்த்ததும் அக்கா கத்தியிருக்கிறார். துறைமுகத்தில் லோரிகளைக் கூப்பிட்ட அதே குரல். ஆடுகள் மட்டுமா ஓடின? மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. எங்கோ கார் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே போட்டாராம். வீட்டுக்குள் இருந்த ஷாமினி எனக்கு உடனே ஃபோன் செய்தாள். "சித்தி! அம்மா கத்துறாங்க சித்தி!" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அப்படித்தான்.

அங்கிள் கண் குணமாகி வந்ததும் பக்கத்தில் சும்மா கிடந்த பாத்தியை அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தார். முதல் வருடம் ஒன்றும் உருப்படவில்லை. கத்தரிச் செடியைக் களை என்று பிடுங்கிப்போட்டவர் அக்கா. ஆனால் விடவில்லை. புடலம் பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டிவிட்டால் காய் வளையாமல் நீளும் என்று கற்றுக்கொண்டார். பழ ஈ கொட்டாமல் இருக்கப் பாகல் பிஞ்சுகளுக்குத் தாள் சுற்ற வேண்டும். அங்கிள் சீன நாளிதழைச் சுற்றுவார், அக்கா தமிழ் நாளிதழைச் சுற்றுவார். யாருடைய பாகற்காய் எது என்று தூரத்திலிருந்தே தெரியும். "இதுல பாதி இரங்கல் விளம்பரம்தான்டி. அதான் கசப்பு ஜாஸ்தி," என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆண்டுதோறும் வெயில் உச்சத்துக்குப் போய், மழை வருவதற்கு முன் உள்ள அந்த நாட்களில்தான் பந்தல் நிறைந்து தொங்கும். அடுத்து வருவது புரட்டாசி. நம் வீடுகளில் பெரும்பாலும் எல்லாரும் சைவம். பாசாரில் காய் விலை ஏறிவிடும். அக்கா அதைக் கணக்கு வைத்தே விதைப்பார். புரட்டாசி பிறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அனைவரும் பண்டமாரானுக்குப் போயாக வேண்டும். வெண்டை, கத்தரி, பயறு, பாகல், புடல் என்று வகைவகையாகக் கூடைகள் நிறையும். வெண்டைக்காய் கையை அரிக்கும். அக்கா பந்தலடியில் நின்று, "முத்தினத விடு, பிஞ்ச தொடாத! கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்று பேரன் முறை உள்ளவர்களையும் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்களையும் ஒரே மாதிரி திட்டுவார். மத்தியானம் அங்கேயே தாளை விரித்து உட்கார்ந்து சாம்பாரும் சோறும் சாப்பிடுவோம். எங்கள் குடும்பத்தில் தீபாவளிக்கு வராதவர்கள்கூட அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தார்கள்.

பின்பு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, அக்காவின் சிறுநீரகத்தைப் பிடித்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. அவர் விளைவித்த காய்களில் பலவற்றை அவரே வயிறார உண்ணக்கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்புச்சத்து ஏறி இதயத்தைப் பாதிக்கும். சாப்பிட்டால் நறுக்கி, ஊறவைத்து, கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் சாப்பிடலாம் என்றார் தாதி. அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "தொவச்சுக் காயப்போட்ட துணி மாதிரி இருக்கு," என்றார். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. ஒரு சின்னப் போத்தல், நாள் முழுவதற்கும். தாகம் தாங்காவிட்டால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வார். கொளுத்தும் வெயிலில் செடிகளுக்கு வாளி வாளியாக ஊற்றிவிட்டு, நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு நிற்பார். என்னால் அதைப் பார்க்க முடியாது.

"போதும்க்கா. விட்டுரு. அங்கிள் பாத்துக்குவாரு," என்றேன் ஒரு முறை.

"என்னால குடிக்க முடியல. இதுங்களாவது குடிக்கட்டும்டி," என்றார்.

அவருடைய கடைசி அறுவடையைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத விரும்பினேன். அந்த வருடம் புரட்டாசி முதல் சனிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் முழுவதும் தன் தோட்டத்திலிருந்து தருவதாகக் கோயிலில் வாக்குக் கொடுத்திருந்தார். வெயில் கடுமையாகக் காய்ந்தது. நிலத்தை ஒட்டிய கால்வாய் வறண்டு, அடிமண் பாளம் பாளமாக வெடித்தது. அந்த நேரம் பார்த்துக் குழாயிலும் தண்ணீர் நின்றது. எங்கோ நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கோளாறு, எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். தண்ணீர் லோரி வந்தால் ஜனங்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். குடிக்கவும் சமைக்கவுமே பற்றாத தண்ணீரைச் செடிக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்? பந்தலில் பூவும் பிஞ்சும் வாடித் தொங்கின. பக்கத்துப் பாத்திக்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

அன்று அக்கா டயாலிசிஸ் முடிந்து திரும்பியிருந்தார். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவார்; எழுந்து நிற்கவே முடியாது. ஆனால் அன்று படுக்கவில்லை. ஷாமினியின் தோளைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அரிசி கழுவுற தண்ணிய கொட்டாதீங்க! கீழ கொண்டாங்க! துணி அலசுற தண்ணி, கடைசி அலசல் மட்டும்! சோப்புத் தண்ணி வேணாம்!"

அடுத்து மலாயில், "ஆயிர் பெராஸ் ஜாங்கான் புவாங்!" என்று அதையே சொன்னார். சீனத்தில் சொல்ல ஆ லெக் அங்கிள் பக்கத்தில் நின்றார். ஆனால் அவர் குரல் மூன்றாம் மாடியைத் தாண்டவில்லை. "நீ சொல்லு தங்காச்சி, நான் சொல்லித் தரேன்," என்றார். அக்கா அவர் வாயைப் பார்த்துச் சீனத்திலும் கத்தினார். என்ன கத்தினாரோ, ஒரு மாடியில் பலர் விழுந்து விழுந்து சிரித்தது மட்டும் கேட்டது.

முதலில் யாரும் வரவில்லை. பிறகு ஒரு மலாய் அம்மா அரிசி கழுவிய பாத்திரத்தோடு லிஃப்டிலிருந்து இறங்கினார். அடுத்து ஒரு மாணவி. பிறகு கதவு திறக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர். கலங்கலான தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், மீதமிருந்த தேநீர்கூட வந்தது. அங்கிள் தள்ளுவண்டியில் டிரம்மை வைத்துத் தோட்டத்துக்கும் லிஃப்டுக்கும் நடந்தார். நாங்கள் குவளையால் வேரில் மட்டும் ஊற்றினோம். குழாயில் தண்ணீர் திரும்பும்வரை தினமும் இப்படியே நடந்தது. டயாலிசிஸ் நாளிலும் அக்கா அந்த நாற்காலிக்கு வந்தார்.

பாதிக் கொடிகள் காய்ந்தன. பாதி பிழைத்தன. அன்னதானத்துக்கு அது போதுமானதாக இருந்தது. கோயில் மண்டபத்தில் இலைகளில் புடலங்காய்க் கூட்டும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் பரிமாறப்பட்டபோது அக்கா சாப்பிடவில்லை. பந்தி ஓரமாக நடந்து, "உப்பு சரியா இருக்கா? இன்னும் போட்டுக்குங்க," என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் வறுத்த பாகற்காயில் ஒரே ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். நான் பார்த்துவிட்டேன். "தாதிகிட்ட சொல்லிடாதடி," என்றார்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட நாட்களில் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கும் பக்கத்துக் கட்டில்காரரிடம் வெண்டை விதை எப்போது ஊன்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் தணிந்திருந்தது. கேட்க வேண்டுமானால் நாங்கள் குனிய வேண்டியிருந்தது. ஒரு காலை வேளையில், ஷாமினியும் நானும் பக்கத்தில் இருக்கும்போதே, வலியில்லாமல் போய்ச் சேர்ந்தார். அந்த அளவில் எங்களுக்கு ஆறுதல்.

அக்காவுக்குக் கடைசிவரை அன்போடு பணிவிடை செய்த தாதியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த பண்டமாரான் மக்களுக்கும், தொலைவிலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. ஆ லெக் அங்கிளுக்கு நன்றி என்ற சொல் போதாது. பதினாறாம் நாள் காரியத்துக்குக் காய் முழுவதையும் அவரே பறித்து, சுமந்து வந்து இறக்கிவிட்டுப் போனார்.

இன்னொருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் நின்ற அந்த வாரத்தில், இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் சிறிய வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். "பாப்பா குளிச்ச தண்ணி ஆன்டி. சோப்பு செடிக்கு ஆகாதுன்னு சொன்னீங்களே, அதான் இன்னிக்கு அது போடாம குளிப்பாட்டுனேன்," என்றார். அக்கா எழுந்து நின்று அந்த வாளியை இரண்டு கைகளாலும் வாங்கினார். அறுவடையன்று அவருக்கென்று தனியாக ஒரு பை கட்டி வைத்திருந்தார். அந்தப் பெண் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மருத்துவமனையிலும் அக்கா, "அந்தப் புள்ளைக்குக் காய் குடுத்தீங்களா?" என்று கேட்டார். கொடுத்துவிட்டோம் என்று ஷாமினி பொய் சொன்னாள்.

தங்கையே, இந்த மலர் யார் மூலமாவது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், பண்டமாரானுக்கு ஒரு முறை வாருங்கள். தோட்டம் இருக்கிறது. ஷாமினியும் அங்கிளும் பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் பங்கை நீங்களே பறித்துக்கொண்டு போகலாம்.