பர்மிட்டில் இல்லாத ஒழுங்கை

யுத்த காலத்தில் நான் ஒருகொடவத்தையில் ஒரு பியர் களஞ்சியத்தில் கிளார்க். பியர் லொறி வெளியே போக மதுவரி பர்மிட் வேண்டும். எத்தனை பெட்டி, எந்த வீதி, எத்தனை மணிக்குள் என்று அதில் நான்தான் எழுதுவேன். வீதி மாறினால் லொறியோடு பறிமுதல். ஒருமுறை டிரைவர் தேத்தண்ணி குடிக்க வீதியை விட்டு ஓர் ஒழுங்கைக்குள் திருப்பியதற்கு அவரோடு சண்டையே பிடித்தேன்.

பிறகு ஒருநாள் அதே டிரைவரோடு நானும் லொறியில் போனேன். பம்பலப்பிட்டி சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பெட்டிகளை எண்ணிப் பார்த்து, பர்மிட் சரி என்றான். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டதும் என்னை மட்டும் இறக்கினான். பியர் போய்விட்டது, வெள்ளவத்தையில் என் வீட்டு ஒழுங்கையைத் தாண்டி.

ஐந்தாம் நாள்தான் விட்டார்கள். அதுவரை என் மனைவி ஒவ்வொரு பொலிஸாக ஏறி இறங்கி, கடைசியில் பிரேத அறையிலும் தேடியிருக்கிறாள். ஆத்திரத்தோடு டிரைவரிடம் போனேன். சிங்கள வழக்கப்படி அவர் எனக்கு அய்யே, அண்ணன்; நான் அவருக்கு மல்லி, தம்பி.

"அய்யே, என்ர வீட்டில ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

அந்தச் சிங்கள மனிதர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "மல்லி, உங்கட ஒழுங்கை பர்மிட்டில இல்லத்தானே."

அவர் பயந்துபோயிருந்தார், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவன் நான்.