நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்

பஸ் நின்றதும் எல்லோரும் படியைப் பார்ப்பார்கள். என் மச்சினன் இருக்கையைப் பார்ப்பான். தான் உட்கார்ந்திருந்த இருக்கை, அதற்கு முன்னால் உள்ளது, பின்னால் உள்ளது, மேலே சாமான் வைக்கும் கம்பி, கீழே கால் வைக்கும் இடம். குனிந்து நிமிர்ந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவான். பின்னால் வருகிறவர்கள் முதுகில் இடிப்பார்கள். "ஒரு நிமிஷம் சார், ஒரே நிமிஷம்" என்பான். இறங்கிய பிறகும், வண்டி நகரும்வரை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

"என்னடா தொலைச்சே?" என்று அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி, நாங்கள் அவன் ஊரைப் பார்க்கப் போன அன்று, காலையில் ஏறிய முதல் பஸ்ஸிலேயே கேட்டாள்.

"தொலைக்கிறதுக்கு என்கிட்ட என்னக்கா இருக்கு? மத்தவங்களுக்காகப் பார்த்தேன்" என்றான்.

அவனுக்கு ஐம்பத்து மூன்று வயது. முன்தலையில் முடி கிடையாது. பின்னால் இருப்பதை முன்னால் இழுத்துத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருப்பான். சட்டைப் பையில் ஒரு பேனா, ரப்பர் வளையம் போட்ட அட்டைச் சீட்டுக் கட்டு, ஒரு சின்ன நூல்கண்டு. லீவு நாளிலும் இந்த மூன்றும் இருக்கும். பஸ்ஸிலும் ரயிலிலும் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிற பொருள்களை வாங்கி வைக்கிற ஆபீஸில் அவனுக்கு வேலை. பொருள் வந்தால் சீட்டு எழுதி, நூலால் கட்டி, அலமாரியில் வைக்க வேண்டும். உரியவர் வந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறான். இதற்கு ஒரு ஆபீஸ், அதற்கு ஒரு ஆபீசரா என்று நான் பல நாள் சிரித்திருக்கிறேன்.

சிரிக்க எனக்கு உரிமை உண்டு. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் நான் அடித்துக் கொடுத்த கேட்டைத் தாண்டி எந்தத் திருடனும் உள்ளே போனதில்லை. பதினாறு வயதில் அடுத்தவன் பட்டறையில் கம்பி தூக்கினேன். இன்று மூன்று பட்டறைக்கு முதலாளி. ஐம்பத்திரண்டு வருஷத்தில் ஒரு ஸ்பானரைக்கூடத் தொலைத்ததில்லை. என் குடையின் கைப்பிடி நானே காய்ச்சி வளைத்த இரும்பு. எங்கே வைத்தாலும் எவனும் எடுத்துப் போக மாட்டான், கனம் அப்படி. பொருளைத் தொலைக்கிறவனுக்குப் பொருளின் அருமை தெரியாது என்பது என் கட்சி. அதை அவனிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். "சரிதான் மாமா" என்பான். என் பேச்சுக்கு அவன் எதிர்ப்பேச்சுப் பேசியதே கிடையாது.

கல்யாணம் ஆகவில்லை. நானே முன்னின்று இரண்டு இடம் பார்த்தேன். முதல் இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார்கள், சொன்னேன். பெண்ணின் சித்தப்பா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்தியது. இரண்டாவது இடத்தில் நான் உத்தியோகத்தைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்ல, இவன் குறுக்கே வந்து திருத்தினான். அதோடு அதுவும் போயிற்று. பிறகு யாரும் பார்க்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

இந்த வருஷம் ஒரு கடிதம் போட்டிருந்தான். ஊழியர்களுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் குடும்பப் பாஸ் உண்டாம். நாலு பேர், ஊர் முழுக்க, எந்த பஸ்ஸிலும் எந்த ரயிலிலும் ஏறி இறங்கலாம். இதற்கு முன் பத்தொன்பது பாஸ் வந்து பத்தொன்பதும் வீணாகப் போனது என்று அவன் எழுதவில்லை. என் மகள்தான் விரலை மடக்கி எண்ணிச் சொன்னாள். எங்கள் நாலு பேர் பெயரையும் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டானாம். நான், என் மனைவி, மகள், ஆறு வயதுப் பேத்தி. காரில் வந்துவிடுகிறேன் என்று நான் போனில் சொன்னதற்கு, "கார் வேண்டாம் மாமா. இங்க நிறுத்துறதுக்கே இடம் கிடையாது. அதோட பாஸ் இருக்கே" என்றான். அவ்வளவு பிடிவாதமாக அவன் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஸ்டேஷனில் காலை ஆறரைக்கே நின்றுகொண்டிருந்தான். எங்கள் ரயில் எட்டு மணிக்குத்தான். கையில் ஒரு தாள். அன்றைய நிகழ்ச்சியெல்லாம் மணி போட்டு எழுதியிருந்தது. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு. நாலு மணி, ரூம்.

"பார்க்கிறதெல்லாம் நாலு மணிக்குள்ள முடிச்சுடலாம். அப்புறம் நம்ம ரூமுக்குப் போறோம். எதிர் வீட்டுல நாலு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டிருக்கேன். ஒண்ணே முக்கால் மணி நேரம் உட்காரலாம். உங்க ரயில் ஆறரைக்குத்தானே" என்றான்.

அவன் அந்த ரூமுக்கு வந்தும் பத்தொன்பது வருஷம். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர்கூட அதற்குள் கால் வைத்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதலில் தன் ஆபீஸைக் காட்டினான். பஸ் டிப்போவுக்குக் கீழே, படி இறங்கிப் போகிற நீளமான அறை. ஜன்னல் இல்லை. ஒரு மேஜை, அதன்மேல் தட்டுகிற மணி, பின்னால் கூரைவரை அலமாரிகள். குடைக்கு மட்டும் நாலு அலமாரி. பாதி பின்னிய ஸ்வெட்டர் ஒன்று ஊசியோடு இருந்தது. பள்ளிக்கூடத்து உலக உருண்டை ஒன்று. பெரிய உறையில் ஒரு எக்ஸ்ரே. "யாரோட நெஞ்சோ தெரியல, மூணு மாசமா இங்கதான் இருக்கு" என்று அதைத் தூசி தட்டி வைத்தான். ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் சீட்டு. தேதி, வண்டி எண், கிடைத்த இடம். அடியில் அச்சடித்த ஒரு வரி: உரியவர் நேரில் வந்து கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளவும்.

தூரத்தில் இருப்பவர்களுக்குத் தபாலில் அனுப்பக் கூடாதா என்று என் மகள் கேட்டாள். அவள் எதற்கும் சுலபமான வழி சொல்லுகிறவள்.

"அனுப்பலாம்னு புதுசா உத்தரவு வந்திருக்கும்மா. நான்தான் அனுப்புறதில்ல" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "வரட்டுமே. வந்தா ரெண்டு நிமிஷம் நிப்பாங்க. எங்க விட்டேன், எப்படித் தேடினேன்னு சொல்லுவாங்க. நல்லா இருக்கும்" என்றான்.

பேத்தி மணியைத் தட்டிவிட்டாள். அலமாரிகளுக்கு நடுவே இருந்தவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்து மேஜைக்குப் பின்னால் நின்றான். சின்னக் குழந்தையிடம், "சொல்லுங்க, என்ன தொலைஞ்சுது?" என்றான். ஒன்றும் தொலையவில்லை என்று அவள் சொன்னாள். "அப்ப சந்தோஷம்" என்றான். ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

அவன் ஊர் காட்டிய விதத்தை வேறு எந்த ஊரிலும் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். பாலத்தில் பஸ் ஏறியபோது ஆற்றைக் காட்டவில்லை. "இந்த வளைவுல மடியில இருக்கிறதெல்லாம் சரியும் மாமா. டிபன் பாக்ஸ் அதிகமா இங்கதான் விழும்" என்றான். மணிக்கூண்டு ஸ்டாப் தொப்பிக்குப் பேர் போனது. எல்லோரும் அண்ணாந்து பார்ப்பதால். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் செருப்பு. கோர்ட்டு வாசலில் மூக்குக்கண்ணாடி. என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊரையே பறிகொடுத்த மாதிரி பேசுறியேடா" என்றாள். அவனும் சிரித்தான். அன்றைக்கு அவன் பேசியதைக் கூட்டிப் பார்த்தால் அதற்கு முந்தைய பத்து வருஷத்துப் பேச்சு தேறும்.

மணிக்கூண்டில் ஏற முந்நூற்றுப் பன்னிரண்டு படி. நான் ஒரே மூச்சில் ஏறினேன். இந்த வயதில் எத்தனை பேர் ஏறுவார்கள்? அவன் ஒவ்வொரு சுற்றிலும் நின்று நின்று வந்தான். உச்சிக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஊரை வெகுநேரம் பார்த்தான். பார்த்துப் பழகியவன் பார்வையாக அது இல்லை. முன்பு வந்ததே இல்லையா என்று கேட்டேன். "தனியா ஏறி யார்கிட்ட மாமா, அதோ பாருன்னு சொல்றது?" என்றான். போட்டோ எடுக்கும்போது எங்களை நிறுத்திவிட்டுத் தானே எடுக்கப் போனான். பேத்தி அவன் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்தினாள். அங்கே நின்ற ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அந்தப் போட்டோவில் அவன் கண்ணை மூடியிருக்கிறான்.

மூன்றரைக்கு மியூசியத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்தோம். அவன் ரூமுக்கு அங்கிருந்து வட்டப் பாதை பஸ். ஊரைச் சுற்றி வருகிற பஸ் அது. ஒன்று இந்தப் பக்கமாகச் சுற்றும், இன்னொன்று அந்தப் பக்கமாக. எண் ஒன்றுதான், போர்டில் நிறம்தான் வேறு. இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை. வாசல் பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தை அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில் பஸ் வந்தது. காலியாக இருந்தது. நான் எல்லோரையும் ஏற்றிவிட்டேன். வேலையில் தயங்காமல்தான் நான் முன்னுக்கு வந்தேன். அவன் ஓடிவந்து கடைசியாகத் தொற்றிக்கொண்டான். போர்டைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மாமா, இது அந்தப் பக்கம் சுத்துற வண்டி. அடுத்த ஸ்டாப்புல இறங்கி மாறிடலாம்."

"சுத்துற வண்டிதானேப்பா? எந்தப் பக்கம் போனாலும் உன் வீடு வரத்தானே வேணும்? பேசாம உட்காரு. குழந்தைக்கு உட்கார இடம் கிடைச்சிருக்கு" என்றேன்.

அவன் படியை ஒரு தடவை பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். தாளை எடுத்துப் பார்த்தான், மடித்து வைத்தான்.

இருபது நிமிஷத்தில் போக வேண்டிய இடம். நாங்கள் போன வழியில் ஒன்றரை மணி நேரத்துப் பாதை, அதற்குமேல் ரோடு வேலை வேறு. பஸ் ஊர்ந்தது. முதல் ஒரு மணி நேரம் அவன் தொப்பி, செருப்பு என்று ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். பிறகு கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தான். எனக்கும் புரிந்துவிட்டது. தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. இரும்பை வளைக்கத் தெரிந்த எனக்கு அது மட்டும் வராது.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவன் எழுந்து நின்று விரலை நீட்டினான்.

"அக்கா, அதோ. மூணாவது மாடி. பச்சை ஜன்னல்."

பஸ் அந்த ஸ்டாப்பில் சரியாக நின்றது. பழைய கட்டடம், கீழே சலவைக் கடை. பச்சை ஜன்னலில் மடிப்புக் கலையாத புதுத் திரை. அது ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

"நாற்காலி தெரியுது" என்றாள் பேத்தி.

அவன் படிவரை போனான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஸ்டேஷனுக்கு இன்னும் பதினைந்து நிமிஷம், ரயிலுக்கு நாற்பது. மூன்று மாடி ஏறி இறங்கக் குழந்தையோடு முடியாது. கதவு மூடியது. அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"அடுத்த தடவை கண்டிப்பா வர்றோம்டா" என்றாள் என் மனைவி.

"ஆமாக்கா. அடுத்த வருஷம் பாஸ் வருமே" என்றான். "நாற்காலி சும்மா கேட்டு வாங்கினதுதான். திருப்பிக் குடுத்துடலாம்."

ஸ்டேஷன் வாசலில் பஸ் நின்றதும் ஒரே ஓட்டம். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள், என் மனைவி கைப்பை, நான் முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். அவன் வழக்கம்போலக் கடைசி. இருக்கையைப் பார்த்துவிட்டு, எங்கள் மூட்டை முடிச்சுகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். ரயில் பெட்டியில் எங்களை ஏற்றி, மூட்டைகளைக் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்றான். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னான். குழந்தைக்கு ஜன்னலோரம் காற்று ஆகாது என்றான். பிறகு இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

அப்போதுதான் அவன் முழங்கையைக் கவனித்தேன். அதில் தொங்கிக்கொண்டிருந்தது நான் காய்ச்சி வளைத்த இரும்பு. கையால் துழாவினேன், பக்கத்தில் குடை இல்லை. ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பொருளை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவன் கொடுக்க மறந்துவிட்டான் என்று நினைத்துக் கையை வெளியே நீட்டினேன். ஜன்னலுக்கும் அவனுக்கும் இரண்டடிதான்.

அவன் என் கையைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்து, ரப்பர் வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு, ஒரு சீட்டை உருவி, தொடையில் வைத்து நிதானமாக எழுதினான். ரயில் நகரத் தொடங்கியது. நான் கையை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவன் சீட்டைக் குடையின் கைப்பிடியில் வைத்து நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, மீதி நூலைக் குனிந்து பல்லால் கடித்து அறுத்தான்.