வளைவில் நிற்காத பேருந்து

காலையில் நடந்ததை அன்று மதியத்துக்குள் எழுதிவிடுவது என் வழக்கம். மாலைவரை விட்டால், நடந்ததோடு நான் நினைத்ததும் கலந்துவிடுகிறது. அதனால் அந்த வாரத்து நிகழ்ச்சிகளை இப்போது என்னால் நாள் பிசகாமல் சொல்ல முடிகிறது, எனக்குப் பெருமை தராதவற்றையும் சேர்த்து.

ஜொகூர் பாருவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒரு வேலை எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்று அளந்து பார்ப்பதுதான் என் பாடம். கிடங்கு, மருந்து வழங்கும் முகப்பு, பேருந்து வழித்தடம் என்று எதுவாக இருந்தாலும், முதலில் எண்ணுங்கள், பிறகு பேசுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன். வெளியிலிருந்து நிறுவனங்கள் கேட்டால் ஆய்வு செய்து கொடுப்பதும் எங்கள் துறையின் வேலை. அப்படித்தான் தெப்ராவில் மருத்துவக் குழாய்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை எங்களை அழைத்தது.

காலை எட்டு மணி ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்றிவரும் அவர்களுடைய நான்காம் எண் பேருந்து அடிக்கடி தாமதமாக வந்துகொண்டிருந்தது. பழைய செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக ஒரு சுற்று சுற்றி, வீடமைப்புப் பகுதிகள் வழியாக ஒன்பது இடங்களில் ஆள் ஏற்றி வர வேண்டும். வழியைச் சுருக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார்கள்.

என்னிடம் இரண்டு சான்றுகள் இருந்தன. ஒன்று, ஓட்டுநர் நிரப்பும் தாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிரே ஒரு கட்டம், அதில் ஏறியவர்களின் எண்ணிக்கை. மற்றொன்று, பேருந்தில் பொருத்திய கருவி. பேருந்து எந்தச் சாலையில் போகிறது, எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அது பதிவு செய்யும். மூன்றாவது நிறுத்தம் தோட்டச் சாலையின் வளைவில் இருந்தது. மூன்று வாரத் தாள்களிலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. கருவியும் பேருந்து அங்கே ஒருநாள்கூட நின்றதாகச் சொல்லவில்லை. காலிக் கட்டங்களில் பூஜ்யம் போட்டேன். தாளில் இருந்த மொத்தத்தை, அந்தப் பேருந்தில் வந்து தொழிற்சாலை வாசலில் அட்டை தட்டியவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டேன். ஓர் ஆள் கூடவோ குறையவோ இல்லை. ‘எல்லாம் ஒத்துப்போகிறது’ என்று அன்றைய குறிப்பில் எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறேன். பேருந்தில் ஏறிப் பார்க்கவில்லை. தேவை இருப்பதாகத் தோன்றவில்லை.

வளைவை விட்டுவிட்டு நேராகப் பெரிய சாலைக்குப் போனால் பதினொரு நிமிடம் மிச்சம் என்று அறிக்கை கொடுத்தேன். நிர்வாகத்துக்குப் பிடித்துப்போயிற்று. திங்கட்கிழமை முதல் புதிய வழி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

அந்தத் திங்கட்கிழமை தொழிற்சாலை வாசலில் நின்றேன். பேருந்து நான் கணித்த நிமிடத்தில் வந்தது. குறித்துக்கொண்டேன். காவலரிடம் பேச்சுக்கொடுத்தபடி, எட்டு மணிக்குப் பிறகு யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு பதினேழுக்கு ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. நீலச் சீருடையில் ஒரு பெண்மணி இறங்கி ஓடிவந்தார். என் வயது இருக்கும். அட்டையைத் தட்டிவிட்டு, கடிகாரத்தில் விழுந்த நேரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு காவலரிடம் திரும்பினார்.

“பஸ்ஸு ஏன் வரல?”

காவலர் என்னைக் காட்டினார். “இவரக் கேளுக்கா. இவருதான் ரூட்ட மாத்தின லெக்சரர்.”

“நல்லா மாத்தினீங்க லா சார். அரை மணி நேரமா வளைவுல நிக்கிறேன். கூட நின்ன ரெண்டு பேரையும் அவங்கவங்க புருஷன் மோட்டர் சைக்கிள்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு யாரு இருக்கா?”

“எந்த வளைவுங்க?”

“செம்பனை ரோட்டு வளைவு.”

“அங்க யாரும் ஏறுறதில்லையே” என்றேன்.

“அப்ப நான் யாரு, பேயா?”

காவலர் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஒரு வருட ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் அவர். அந்த ஆண்டு ஏற்கெனவே இரண்டு தாமதக் கடிதங்கள் வாங்கியிருந்தார். மூன்றாவது வந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். புதுப்பிக்கப்படுபவர்களின் பட்டியல் அந்த வெள்ளிக்கிழமை தலைமையகத்துக்குப் போக இருந்தது. “ஐம்பத்து நாலு வயசுல வேற எந்த கம்பெனி சார் என்னைய எடுப்பான்?” என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடினார். போகும்போதே திரும்பி, “நோட்டீஸப் பாத்தோம். ‘பயன்படாத நிறுத்தம் நீக்கப்படும்’னு போட்டிருந்துச்சு. நாங்கதான் தெனமும் ஏறுறோமே, அது வேற எங்கயோன்னு நெனச்சோம்” என்றார்.

ஓட்டுநர் கேண்டீனில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, வளைவில் ஆள் ஏறுவது உண்மையா என்று கேட்டேன்.

“ஏறுவாங்களே. மூணு பேரு.”

“கருவில நீங்க நின்னதாவே இல்லையேண்ணே.”

“அலமாக்! அங்க எப்புடி சார் நிக்கிறது? பின்னால லோரி வந்தா இடிச்சிரும். நான் மெல்ல உருட்டுவேன். அவங்க வரிசையா நிப்பாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏறிருவாங்க. வருசக்கணக்கா அப்புடித்தான்.”

“தாள்ல ஏன் எழுதல?”

“ஸ்டேரிங்க விட்டுட்டா எழுதச் சொல்றீங்க? அடுத்த ஸ்டாப்புக்கிட்ட சிக்னல் இருக்கு. அங்க சேத்து எழுதிருவேன். மொத்தம் சரியா வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு.”

“அப்புறம் என்னா?”

இன்று காலை மூன்று பேரை விட்டு வந்தது உறுத்தவில்லையா என்று கேட்டேன். ஆய்வு செய்த பெரிய ஆட்கள் அவர்களுக்கு வேன் ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார்கள் என்று நினைத்ததாகச் சொன்னார். கிண்டலாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

அங்கிருந்தே மனிதவள அதிகாரியின் அறைக்குப் போனேன். முப்பது வயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். மறுநாளிலிருந்து பழைய வழியிலேயே போகச் சொல்லி ஓட்டுநருக்குச் செய்தி அனுப்பினார். அந்த அம்மாளுக்கு வரப்போகும் மூன்றாவது தாமதக் கடிதத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் தயங்கினார்.

“அது கம்ப்யூட்டர் தானா அனுப்புறது சார். எடுக்கணும்னா ஆதாரம் வேணும். உங்க ரிப்போர்ட்ல அந்த ஸ்டாப்ப யாரும் பயன்படுத்தலன்னு கையெழுத்தே போட்டிருக்கீங்க. நான் அத வெச்சிக்கிட்டு, அந்தம்மா அங்கதான் நின்னாங்கன்னு மேல எப்புடிச் சொல்றது?”

“என் ரிப்போர்ட் தப்பு.”

“எழுதிக் குடுங்க. வியாழக்கிழமைக்குள்ள.”

செவ்வாய்க்கிழமை கல்லூரியில் துறைத்தலைவரிடம் சொன்னேன். ‘திருத்தம்’ என்று போடாமல் ‘கூடுதல் குறிப்பு’ என்று போட்டால் துறையின் பெயர் கெடாது என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை காலை முதல் நிறுத்தத்திலேயே பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஏழு மணி கடந்து ஆறு நிமிடத்துக்கு வளைவு வந்தது. மூவரும் சாலையோரத்தில் ஒருவர் பின் ஒருவராக, கைப்பிடியைப் பிடிக்கும் கையை வெறுமையாக வைத்துக்கொண்டு, பையை மற்றத் தோளில் மாட்டி நின்றிருந்தார்கள். ஓட்டுநர் வேகத்தை நடை அளவுக்குக் குறைத்தார். கதவு திறந்தது. நான் கடிகாரத்தை அழுத்தினேன். அந்த அம்மாள் கடைசியாக ஏறினார். ஒன்பது விநாடிகள். கருவியைப் பார்த்தேன். அன்றும் அங்கே நின்றதாகப் பதிவாகவில்லை.

பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள்: “திங்கக்கெழமை ஒரு நாளுதான் பதினோரு நிமிஷம் முன்னாடியே போய்க் கேண்டீன்ல கண்ணசந்தோம். மூணு பேருக்காக நாப்பது பேரு அத விடணுமா?”

“என் மடில படுத்துத் தூங்கு வா” என்றார் அந்த அம்மாள். “தாலாட்டு வேணும்னா லெக்சரர் பாடுவாரு.”

பேருந்தே சிரித்தது. ஆனால் அந்தப் பெண் கேட்டதும் நியாயம்தான் என்பதால் அதையும் குறித்துக்கொண்டேன். கடைசி நிறுத்தங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தன. இரண்டு இடத்து ஆட்களிடமும் கேட்டேன், ஒரே இடத்தில் நிற்கச் சம்மதித்தார்கள். அதில் நான்கு நிமிடம் கிடைத்தது. அதற்கு மேல் என்னால் கொடுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். தலைப்பில் ‘திருத்தம்’ என்றே போட்டேன். காலிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டது நான், பேருந்தில் ஏறிப் பார்க்காதது நான். திங்கட்கிழமை பேருந்து அந்தச் சாலைக்கே போகவில்லை என்பதற்குக் கருவியின் தடப்பதிவை இணைத்தேன். அதில் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. துறைத்தலைவருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவர் அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை மதிய உணவு நேரத்தில் மனிதவள அதிகாரி அந்த அம்மாளையும் என்னையும் அழைத்தார். மலாயில் எழுதிய ஒரு கடிதத்தை அந்த அம்மாளிடம் நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பேனாவை எடுக்கவில்லை.

“இந்தத் தாமதத்த இந்தத் தடவ மட்டும் மன்னிக்கிறோம்னு போட்டிருக்கீங்க தம்பி.”

“ஆமாக்கா. உங்க பேரு லிஸ்ட்ல போயிரும். கவலைப்படாதீங்க.”

“நான் என்னா தப்பு பண்ணேன், நீங்க மன்னிக்கிறதுக்கு? ஏழு மணிக்கு முன்னாடியே நான் ரோட்டுல நின்னேன். அடுத்த வருசம் வேற ஆளு ஒங்க நாக்காலில உக்காந்து இதப் படிச்சா, நான் மூணு தடவ லேட்டுன்னுதானே எண்ணுவாரு?”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தேன். அந்த அம்மாள் சொன்னது சரி. என் திருத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே இந்தக் கடிதத்தை அப்படி எழுதியிருந்தார்கள், நானும் படிக்காமலேயே நிம்மதி அடைந்திருந்தேன். “பேருந்து வராததால் தாமதம் பதிவானது, அந்தப் பதிவு நீக்கப்படுகிறதுன்னு எழுதலாம். அதுக்கு நான் குடுத்த திருத்தத்த மேற்கோள் காட்டுங்க” என்றேன்.

“இப்ப சாப்பாட்டு நேரம் சார். டைப் பண்ற ஆளு வெளிய போயிட்டாங்க.”

“நான் அடிக்கிறேன்” என்று அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று வரிகள். அதிகாரி மலாயை இரண்டு இடத்தில் சரிசெய்தார். அந்த அம்மாள் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லையும் படித்தார். அச்செடுத்ததும் கையெழுத்துப் போட்டார்.

“ஒரு காப்பி குடுங்க தம்பி. முத்திரையோட.”

முத்திரை விழுந்த பிரதியை நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார். உணவு நேரம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. பையிலிருந்த டப்பாவை அவர் இன்னும் திறக்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். என்னிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கேண்டீன் பக்கம் வேகமாக நடந்தார்.