அம்மா சோதித்த கணினி

மகன் யாரிடமிருந்தோ வாங்கிவந்த பழைய கணினியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் அதிகம் இழுக்காத பழைய புராசசர். ஒரு கடிதத்தைத் திறக்கவே தூங்கி வழிந்தது.

"போதுமாம்மா?" என்றான். எண்பதுகளில் இதே கேள்வியை என் அம்மாவிடம் அவளுடைய மேலாளர் கேட்டிருந்தார்.

சிங்கப்பூரில் டோபி காட் பக்கம் ஓர் அலுவலகத்தில் அம்மா டைப்பிஸ்ட். கூடவே ரோஸி ஆன்ட்டியும் இன்னொருவரும். கிளமெண்டியிலிருந்து அம்மாவும் ஆன்ட்டியும் ஒன்றாகத்தான் பஸ் ஏறுவார்கள். தலைமை அலுவலகம் கழித்துவிட்ட கணினி ஒன்றைக் கொண்டுவந்து, கடிதம் அடிக்க இது ஆகுமா என்று அம்மாவைப் பார்க்கச் சொன்னார் மேலாளர். ஒரு வாரம் அடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாக இருந்தாலும் போதும் என்றாள் அம்மா.

கணினி இருக்க மூன்று பேர் எதற்கு என்று மற்ற இருவரையும் நிறுத்திவிட்டார்கள்.

"ஆகாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அப்பா.

"ஓடுற மெஷின ஓடலன்னு எப்படிங்க சொல்றது?"

மூவர் வேலையும் அம்மா தலையில் விழுந்தது. வீட்டுக்கு வந்தால் விரல்களில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கிறிஸ்துமஸுக்கு ரோஸி ஆன்ட்டி கேக்கோடு வந்தார். அவரை உள்ளே கூப்பிடக்கூட அம்மாவுக்கு வாய் வரவில்லை. ஆன்ட்டியே வந்து உட்கார்ந்து, அம்மாவின் வீங்கிய கையை மடியில் எடுத்து வைத்துத் தைலம் தேய்த்தார்.

"என்ன லெச்சுமி, மெஷின் வந்தா வேலை கொறையும்னு சொன்னாங்க லா!"

அன்றைக்குத்தான் அம்மா அழுதாள்.