பெயர் வைக்கும் முன்னே கூப்பிட்ட குரல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருநெல்வேலியிலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் மலையாள தேசத்துக்கு வந்து, ஆரியசாலையில் மூட்டை தூக்கி, அதே தெருவில் சொந்தமாகப் பாத்திரக்கடை போட்டு, கரமனையில் இரண்டு மாடி வீடு கட்டி, மகளை இன்ஜினியராக்கினேன். பேய், அசரீரி என்று எவனாவது பேசினால் கடையை விட்டே துரத்துவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

மகளுக்கு எட்டாம் மாதமே வலி வந்து, கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையளவுதான். மகள் ஐ.சி.யூ.வில், மருமகன் துபாயில், என் மனைவி காய்ச்சலோடு வீட்டில். மூன்றாம் நாள் மதியம், குழந்தைக்கு உடம்புச் சூடு வேண்டும் என்று சிஸ்டர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டு, என்னைத் தாத்தாவென்று அழைத்து மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்:

“அப்பூப்பா, இது இடைக்கிடைக்கு சுவாசம் விட மறந்துபோகும். காலைத் தடவி, பேரு சொல்லி விளிக்கணும் கேட்டோ. பேரு என்னா?”

“இருவத்தெட்டாம் நாளுதான் பேரு வைப்போம் சிஸ்டர். அதுக்கு முன்னால வாயால சொல்லப்படாது.”

“கொள்ளாம்! பேரில்லாத்த பிள்ளைய எங்ஙன விளிக்கும்?” என்று சிரித்துவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போனார்.

பெயர் என் மனதில் இருந்தது. முத்துப்பேச்சி. பழைய பேரென்று மகள் கேலி செய்வாள், அதனால் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் நெஞ்சில் அந்தச் சின்ன ஏற்ற இறக்கம் நின்றுபோனது. குனிந்து பார்த்தால் உதடு நீலம். காலைத் தடவ வேண்டும், தெரியும், கை வரவில்லை. தெருமுனை வரை கேட்கிற குரல் எனக்கு. நாலடி தூரத்தில் சிஸ்டர் முதுகைக் காட்டி நிற்கிறார், கூப்பிட முடியாமல் மரம்போல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது இடது தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், எங்கள் ஊர்ப் பேச்சில்: “ஏட்டி முத்துப்பேச்சி, மூச்ச வுடுட்டி!”

குழந்தை விக்கி அழுதது. திரும்பினேன். வெறும் சுவர்.

சிஸ்டர் ஓடி வந்து குழந்தையைப் பார்த்தார், பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். “ஏது சேச்சியா இப்ப விளிச்சது?” அவருக்கும் கேட்டிருக்கிறது! அந்த அறையில் பெரியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

இப்போது அவளுக்கு நாலு வயது. முத்துப்பேச்சி என்று நான் கூப்பிட்டால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தோளுக்கு மேலே பார்த்து “என்னா?” என்கிறாள். இன்றும் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சிஸ்டர்மாரின் ஜெபம்தான் காப்பாற்றியது என்று மகள் ஊரெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். கூப்பிட்டது யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் மூச்சு திரும்பியது என் நெஞ்சில்தான், கடையைப் பூட்டிவிட்டுப் பதினோரு நாள் அவளை அங்கே தாங்கினவன் நான்தான். சொல்லும்போது என் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.